நன்கொடை வேண்டுகோள்: கல்கத்தாத் தமிழர் நாம் போடும் நாடகத்துக்கு இன்னும் ரூ. 1,68,000 தேவை

அன்புடையீர்,

காளிகாட் அம்மன் அருளால் ஒத்திகைக்குக் குறையில்லை. குறை பணத்தில்தான். நவம்பர் 10-க்குள் அரங்க வாடகை பாக்கி ரூ. 45,000 கட்டாவிட்டால் டிசம்பர் தேதி கைவிட்டுப் போய்விடும்.

கல்கத்தா வங்காளிகள் கதையைத் தமிழில் ஏன் போட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேளுங்கள். 1876 ஜனவரியில் வேல்ஸ் இளவரசரை பவானிபூர் வக்கீல் ஜகதானந்த முகர்ஜி வீட்டுக்கு அழைத்து, அந்தப்புரப் பெண்களைக் கொண்டே வரவேற்றார். ஊர் கொதித்தது. பீடன் தெரு கிரேட் நேஷனல் தியேட்டர், பிப்ரவரி 19 அன்று அவரைக் கிண்டல் செய்து 'கஜதானந்தாவும் யுவராஜாவும்' என்ற சின்னக் கேலி நாடகத்தை மேடையேற்றியது. போலீஸ் தடுத்தது. 'அனுமான் சரித்திரம்' என்று பெயர் மாற்றிப் போட்டார்கள், அதற்கும் தடை. சரி என்று, போலீஸ் அதிகாரிகள் ஹாக், லாம்ப் இருவரையும் அவர்கள் பெயரின் ஆங்கில அர்த்தப்படியே பன்றியும் ஆடுமாக்கி இன்னொன்று போட்டார்கள்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். இதற்கிடையே பிப்ரவரி 29-ல் இப்படிப்பட்ட நாடகங்களைத் தடுக்க வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் போட்டார். மார்ச் 4-ல் அந்தத் தியேட்டரைச் சேர்ந்த உபேந்திரநாத் தாஸ், அமிர்தலால் போஸ் முதலானோர் கைதானார்கள். பிறகு ஹைகோர்ட் விடுவித்தது. அந்த டிசம்பரில் வந்த நாடகச் சட்டம் நாடு முழுவதற்கும் வாய்ப்பூட்டு. தமிழ்நாட்டுக்கென்று 1954-ல் வந்த இதே மாதிரிச் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல்தான் அது செல்லாது என்றானது. இப்போது சொல்லுங்கள், இது நம் கதை இல்லையா?

அந்த நாட்களைத்தான் 150-ஆம் ஆண்டில் நாடகமாக்குகிறோம். தெற்குக் கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய நம் பெரியவர்கள் ஆபீஸ் விட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தாமே திரை இழுத்து நாடகம் போட்டவர்கள். ஸ்திரீ பார்ட்டுக்கு மீசை எடுத்தவர்கள்கூட உண்டு.

செலவு: அரங்கம் 90,000, ஒலி, ஒளி 1,10,000, உடை, திரை, ஒப்பனை 1,30,000, வரலாற்றுச் சிறுநூல் 70,000, இசை, சாப்பாடு, வண்டி 80,000. மொத்தம் ரூ. 4,80,000. வந்தது 3,12,000.

முதல் பென்ஷனிலிருந்து 10,000 தந்த மாமி, தையல் கூலியே வேண்டாம் என்ற வங்காளி தர்ஜி, தீபாவளிச் சீட்டுப் பணத்தை அப்படியே கொடுத்த இளைஞர்கள், போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் கேட்காமலே தந்தவர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பெயர் எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் பதினாறு பேர். பட்டியல் எங்களிடம் இருக்கிறது. பலகையில் ஒட்ட மனம் வரவில்லை. முன்வரிசைப் பாஸ் கேட்டு முதலில் வருபவர்களும் அவர்கள்தான், அது வேறு விஷயம்.

500 ரூபாயும் பெரிய தொகைதான். ஞாயிறு காலை ஒத்திகை நேரத்தில் பொருளாளரிடம் கொடுத்து, ரசீது மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாடக விழாக் குழுவினர்