கை நின்ற இடம்

அன்புள்ள கண்ணா,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தால் நீண்டுவிடும் என்று தோன்றியது, உனக்கும் வேலைக்குக் கிளம்பும் நேரம். அதனால்தான் கடிதம்.

ரயிலில் போகும்போது என் காதல் நாவல் ஒன்றை முதல்முறையாக முழுசாகப் படித்தேன் என்றாய். அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. படித்துவிட்டு நீ கேட்டது இது: "நல்லாத்தான் இருந்துச்சும்மா. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்கன்னு முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சே. முடிவு தெரிஞ்ச கதையில படிக்க என்ன இருக்கு? இத்தனை வருஷமா நீ எப்படி அதையே எழுதுறே?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். குரலிலேயே தெரிந்தது.

இதை உன் பாட்டியிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். பாட்டிக்கு நாற்பது வயதிலேயே பார்வை மங்கிவிட்டது. அச்செழுத்தெல்லாம் புகை மாதிரி தெரியும். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை நான்தான் வாசித்துக் காட்டுவேன். எனக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. சாயங்காலம் காய்ந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாக மடித்தபடியே கேட்பாள். புதுக் கதை தொடங்கும்போதெல்லாம் முதலில் ஒரு கேள்வி வரும். "கடைசியில சேர்ந்துருவாங்கல்ல?"

முதல் அத்தியாயம்தான் வந்திருக்கும். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனாலும் "சேர்ந்துருவாங்கம்மா" என்பேன். "அப்பச் சரி, படி" என்பாள்.

தாத்தா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஆஸ்பத்திரி பெஞ்சில் நாற்பது நாள் உட்கார்ந்து, முடிவு என்ன ஆகுமோ என்று காத்திருந்தவள் அவள். கதையிலும் அதே பயத்தோடு உட்கார அவளுக்குத் தெம்பு இல்லை. சேர்ந்துவிடுவார்கள் என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் எத்தனை பிரிவு, எத்தனை சந்தேகம், எத்தனை கண்ணீர் வந்தாலும் கூடவே நடந்து வருவாள். நடுவில் ஒரு இடத்தில்கூட "இதை விட்டுட்டு மேல படி" என்று சொன்னதில்லை. முடிவு தெரிந்ததால் அவளுக்குச் சுவை குறையவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவளால் கதைக்குள் இறங்கவே முடிந்தது.

இன்னொன்றும் அந்தக் கட்டிலில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு தொடரில் இரண்டு பேருக்கும் கடுமையான சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். வெயில் நகர்ந்து அவள் முகத்தில் விழுகிறது. அவன் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான். அவ்வளவுதான். நான் வாசித்துக்கொண்டே அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். பாட்டியிடமிருந்து சத்தம் இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தால், பாதி மடித்த தலையணை உறை அப்படியே கையில் நிற்கிறது. "திரும்பப் படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தடவை." மூன்றாம் தடவை படித்து முடித்த பிறகுதான் அந்த உறையை மடித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு வாசிக்கும்போதெல்லாம் அவள் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். எந்த இடத்தில் கை நிற்கிறது? வியப்பு என்னவென்றால், இரண்டு பேரும் சேரும் அத்தியாயத்தில் கை நிற்பதே இல்லை. கல்யாணம் வந்தால் பாட்டி முகமெல்லாம் சிரிப்பாக, வேகவேகமாகத் துணியை மடித்து முடித்துவிடுவாள். கை நிற்பதெல்லாம் நடுவில். அவளுக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயத்தை அவன் ஞாபகம் வைத்திருக்கும் இடத்தில். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, கேட்க முடியாமல் வேறு ஏதோ பேசிவிட்டுப் போகும் இடத்தில். நான் முப்பது வருஷமாக எழுதுவது அந்த இடங்களைத்தான் கண்ணா. முடிவை நான் முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், அது வாசகருக்குக் கொடுத்த வாக்கு. அது இருந்தால்தான் நடுவில் நான் காட்டுவதை அவர்கள் பதற்றமில்லாமல் பார்ப்பார்கள்.

இது நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் ஐந்து திணையை மனப்பாடம் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு, முல்லைக்குக் காத்திருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல். எண்ணிப் பார். ஐந்தில் ஒன்றுதான் கூடல், மீதி நான்கும் கூடலைச் சுற்றி இருப்பவை. காதலைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கவிதைகளே நடுவில் இருப்பதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. குறுந்தொகைப் பாடல் ஒன்று நாலிலிருந்து எட்டு அடிதான். அதற்குள் ஒரு வாழ்க்கையின் ஒரே ஒரு நொடி. முன்கதை கிடையாது, பின்கதை கிடையாது, ஆளுக்குப் பெயர்கூடக் கிடையாது. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த விதி. பெயர் இல்லாததால் படிக்கிறவர் யாரோ அவரே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். புது நாவல் தொடங்கும் முன்னால் நான் எப்போதும் குறுந்தொகையில் பத்துப் பாடலாவது படிப்பேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் திருக்குறள். காமத்துப்பாலில் 25 அதிகாரம். களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. அதாவது சேர்ந்த பிறகு வரும் பிரிவுக்கும் ஏக்கத்துக்கும் ஊடலுக்கும்தான் வள்ளுவர் அதிக இடம் கொடுத்திருக்கிறார். கடைசி அதிகாரத்துக்குப் பெயர் ஊடலுவகை. அறம் சொல்லி, அரசு சொல்லி, 1330 குறளும் எங்கே வந்து நிறைகின்றன தெரியுமா? ஊடல் தீர்ந்து இரண்டு பேர் தழுவிக்கொள்ளும் இன்பத்தில். காதல் கதை சந்தோஷமாக முடிவது மலிவான வேலை என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தக் கடைசிக் குறள்தான் நினைவுக்கு வரும்.

வெளியிலிருந்தும் ஒருவரைச் சொல்கிறேன், ஏனென்றால் தெம்பு குறையும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது அவரைத்தான். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 'பெர்சுவேஷன்' நாவலை 1816 ஜூலையில் எழுதி முடித்துவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பிரிந்த ஆன் என்ற பெண்ணும் வென்ட்வொர்த்தும் முடிவில் சேர்ந்தாயிற்று. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. உடம்பும் சரியில்லாத காலம் அது. ஆனாலும் மறுபடி உட்கார்ந்து, அவர்கள் சேரும் இடத்தை வேறாக எழுதி ஆகஸ்டில் முடித்தார். அடுத்த வருஷம் ஜூலையில் இறந்துபோனார். புத்தகம் வந்ததே அதற்குப் பிறகுதான். அவர் வேண்டாம் என்று தள்ளிய அந்த அத்தியாயங்களின் கைப்பிரதி இன்றும் இருக்கிறது, அச்சிலும் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்.

முதலில் எழுதியதில், வேறொருவர் கேட்கச் சொன்ன ஒரு விஷயத்தை வென்ட்வொர்த் ஆனிடம் கேட்கிறான். அந்தப் பேச்சில் உண்மை வெளியாகிறது, சேர்ந்துவிடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாற்றி எழுதியதில், அவன் அறையின் ஒரு பக்கம் உட்கார்ந்து யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஆன் இன்னொருவரிடம், யாருடைய அன்பு நெடுநாள் நிலைக்கும், ஆணுடையதா பெண்ணுடையதா என்று பேசிக்கொண்டிருக்கிறாள். சின்னதாக ஒரு சத்தம். அவன் பேனா கீழே விழுந்திருக்கிறது. எட்டு வருஷம் பேசாமல் இருந்தவன், அதே மேஜையில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். இரண்டிலும் முடிவு ஒன்றுதான். ஆனால் அந்தப் பேனா விழும் இடத்துக்காக ஒரு நோயாளி மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறார். முதல்முறை அதைப் படித்தபோது பாட்டியின் கை நின்றது அப்படியே என் கண்முன் வந்தது. பாட்டிக்கு அந்த இடத்தை அங்கேயே தமிழில் சொல்லிக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எட்டு வருஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

நடுவில் என்ன நடக்கிறது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது என்றேன். அதில் பெரிய கஷ்டம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசினால் தீர்ந்துவிடும் என்றால் அது சிக்கலே இல்லை. ஒரு கடிதம் தொலைந்தது, யாரோ தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்று நானூறு பக்கம் ஓட்டினால் வாசகருக்குக் கோபம்தான் வரும், வரவும் வேண்டும். தடை அவர்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். தன்னை நம்பி யாரும் இருக்கக்கூடாது என்று ஒருவன் எப்போதோ முடிவு செய்திருப்பான். உதவி வாங்கினால் தன் மதிப்பு போய்விடும் என்று ஒருத்தி நம்பியிருப்பாள். கதை முடிவதற்குள் அந்த நம்பிக்கையை அவர்களே கழற்றி வைக்க வேண்டும், மற்றவர் பிடுங்கக்கூடாது. ஹீரோவும் ஹீரோயினும் சேர்வார்களா என்பது என் கேள்வியே இல்லை. சேரும் அளவுக்கு இவர்கள் எப்படி ஆனார்கள் என்பதுதான் கேள்வி.

இதை நான் சரியாகவே செய்துவந்தேன் என்று நினைத்துவிடாதே. என் மூன்றாவது நாவலில் ஹீரோ கோபத்தில் ஹீரோயினின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அது அவன் அன்பின் வேகம் என்று நினைத்து, ரசித்துத்தான் எழுதினேன். அந்த மாதிரி நிறையப் படித்திருந்தேன், அதுவே பழக்கமாகியிருந்தது. புத்தகம் வந்து சில மாதம் கழித்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். கதையை எல்லாம் பாராட்டிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "அந்தக் கை வலித்திருக்குமே, அதை ஏன் நீங்கள் எழுதவில்லை?" அந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மறுபதிப்பு வந்தபோது அந்தப் பக்கத்தை மாற்றினேன். ஆனால் முதல் பதிப்பைப் படித்துவிட்டு, இழுப்பதுதான் அன்பு என்று நம்பிய பெண் யாராவது இருந்திருப்பாளோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. காதல் கதை சும்மா பொழுதுபோக்குக்கு என்று சொல்கிறவர்கள், அதைப் படித்து எது அன்பு என்று முடிவு செய்கிறவர்களைப் பார்த்ததில்லை. எனக்கு வரும் கடிதங்களில் நான் பார்க்கிறேன்.

வாசகர்கள்தான் இந்த வகையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. காதல் நாவலுக்குப் பேர்போன பிரிட்டிஷ் பதிப்பகம், உனக்கும் பெயர் தெரிந்த மில்ஸ் அண்ட் பூன்கூட 1908-ல் எல்லா வகைப் புத்தகமும் போடும் பொதுப் பதிப்பகமாகத்தான் தொடங்கியது. இரவல் நூலகங்களில் ஜனங்கள் காதல் கதையைத் தேடித் தேடி எடுத்ததைப் பார்த்துத்தான் 1930-களில் அதன் பக்கம் முழுசாகத் திரும்பினார்கள். ஜனங்கள் கேட்டார்கள், புத்தகம் வந்தது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். ராத்திரி படுக்கும் முன்னால் இன்றும் யாராவது எழுதிய காதல் கதை ஒன்று கையில் இருக்கும். புதிதாக எழுத வந்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்னைவிட நன்றாக எழுதுகிறார்கள். இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி, கோபித்துக்கொண்டு போனவன் போன் பண்ணிவிட்டு, அவள் எடுத்ததும் பேசாமல் இருக்க, இரண்டு பேரும் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதாக ஒரு பக்கம் எழுதியிருந்தாள். படித்துவிட்டுப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தேன். முடிவு எனக்கும் தெரியும்தானே? அதற்காக ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போகவில்லை.

இப்போது எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லாதே. ஏழு வருஷத்துக்கு முன்னால் பிரிந்த இருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்திக்கிறார்கள். அவள் அப்பாவை அன்றுதான் டிஸ்சார்ஜ் செய்திருக்கிறார்கள். ஒரு கையில் மருந்துப் பை, இன்னொரு கையில் ஃபைல், தோளில் போர்வை. முதலில் எழுதியபோது அவன் வந்து ஃபைலைத் தன் கையில் வாங்கிக்கொண்டு நடந்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கை நிற்கவில்லை. அவன் எதையும் தானே முடிவு செய்கிறவன், அதனால்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் பிரிந்தார்கள். இப்போதும் கேட்காமல் எடுத்துக்கொண்டால் அவன் எங்கே மாறினான்? அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அவன் கையை நீட்டுகிறான். நீட்டியபடி நிற்கிறான். அவளாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், இல்லாவிட்டால் பக்கத்தில் நடப்பான்.

அவள் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்க வைக்க நான்கு வகையாக முயற்சி செய்தாயிற்று, நான்கிலும் அவள் என் பேச்சுக்காகக் கொடுக்கிறாள், தனக்காக இல்லை. ஐந்தாவதாக ஒன்று நேற்று ராத்திரி தோன்றியது. தோளில் இருக்கும் போர்வை நழுவட்டும். அதைப் பிடிக்க அவளுக்கு ஒரு கை வேண்டும். ஃபைலைக் கொடுப்பாளா, போர்வையைக் கீழே விழ விடுவாளா என்று அவளையே கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

அடுத்த தடவை போன் பண்ணும்போது, அந்த நாவலில் நீ எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்தாய் என்று மட்டும் சொல். எனக்கு அது தெரிய வேண்டும்.

மேஜையில் காகிதம் காத்திருக்கிறது. அவன் காலையிலிருந்து கையை நீட்டியபடியே நிற்கிறான்.

அன்புடன்,
அம்மா