நெகட்டிவ் வந்த பிறகு எப்போது மறுபடி?

ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தயங்க வேண்டாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் எத்தனை நாள் கழித்து, எத்தனை முறை என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆலோசகரான என்னிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பதே அதைத்தான்.

தொற்றியிருக்குமோ என்ற பயத்தில், ஆபத்தான தொடர்பு நடந்த பத்தாம் நாளே வந்துவிடுவார்கள். நெகட்டிவ் என்றதும் கண் கலங்கிவிடும். "அப்புறம் இன்னொரு முறை வரணும்" என்று நான் சொல்வது அந்த நிம்மதியில் பாதிப் பேர் காதில் விழுவதில்லை. கிருமி உடலில் நுழைந்த உடனே எந்தச் சோதனையும் காட்டாது. விரலில் குத்தி எடுக்கும் ரேபிட் டெஸ்ட், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் பெரும்பாலும் தேடுகிறது. அது தெரியவர 23 முதல் 90 நாள் ஆகும். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும், கிருமியின் பகுதியான ஆன்டிஜெனையும் சேர்த்துத் தேடும் ஆன்டிஜென்–ஆன்டிபாடி சோதனை 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். ஆகவே 10-ஆம் நாள் நெகட்டிவை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொற்று இருந்தால், மற்றவருக்கு மிக எளிதாகப் பரவுவதும் அந்த ஆரம்ப வாரங்களில்தான். மறுபரிசோதனை முடியும்வரை ஆணுறை கட்டாயம். ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் 28 நாள் தடுப்பு மாத்திரையே தொடங்கலாம். அதை எடுத்தவர்களுக்கு மறுபரிசோதனைத் தேதி தள்ளிப்போகும், மருத்துவர் சொல்லும் நாளில் வர வேண்டும்.

சரி, சோதனைக்கு உரிய அந்த நாள் கணக்கு கடந்த பிறகும் நெகட்டிவ், புதிதாக எந்த ஆபத்தும் இல்லை என்றால்? போதும். மாதாமாதம் ரத்தம் கொடுத்து மனதை வதைத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்து தொடர்கிறவர்கள் வருடம் ஒருமுறையாவது, சிலர் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. துணைவரின் நெகட்டிவ் உங்கள் நெகட்டிவ் ஆகாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் பார்த்தாலும், இடையில் தொற்றும் வாய்ப்பு இருந்தால் கடைசி மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குணமாகிவிட்டதா என்று வேறு இடத்தில் போய் ரேபிட் டெஸ்ட் எடுக்க வேண்டாம். சிகிச்சையால் ஆன்டிபாடி குறைந்து சிலருக்குப் பொய்யாக நெகட்டிவ் வரலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும். அவர்களுக்கு வேண்டியது, ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு சோதனை.

அடுத்த இதழில் இந்த நாள் கணக்கை மட்டுமாவது ஒரு சின்னக் கட்டம் போட்டு வெளியிடுங்கள். வெட்டி எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓர் ஆலோசகர்