படத்தில் இருக்கும் கைகள் என்னுடையவை

எலும்பு மருத்துவர்கள் சங்க மாநாட்டு மலர்க் குழுவில் இருக்கும் டாக்டர் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த மலர், எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். போனில் ஒரு தடவை சொன்னேன், நேரில் வந்து ஒரு தடவை சொன்னேன். "இடம் இல்லை, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி இந்த மடல்.

நான் ஒரு அரசு மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய பழக்கத்தை மறக்காமல் ஒரு டாக்டர் உங்கள் மலரை எனக்குக் கொடுத்தனுப்பினார். "எலும்பு மருத்துவச் சிகரங்கள்" பகுதியை இரண்டு தடவை படித்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. தொடை எலும்பு உடைந்தால் காலை அசையாமல் நீட்டிப் பிடிக்கிற கம்பிச் சட்டம், தாமஸ் ஸ்பிளிண்ட். அதை எத்தனை தொடையில் மாட்டியிருப்பேனோ தெரியாது. அந்த ஹியூ ஓவன் தாமஸ் பரம்பரையாக எலும்பு கட்டும் வைத்தியர் குடும்பத்தில் வந்தவர் என்பது உங்கள் மலரில்தான் தெரிந்தது. நம் ஊர் புத்தூர்க் கட்டு மாதிரி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1891 இல் இறந்துபோன பிறகு, முதல் உலகப் போரில் அவரிடம் தொழில் கற்ற ராபர்ட் ஜோன்ஸ் டாக்டர் அந்தக் கம்பிச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டுபோனார். தொடை எலும்பு உடைந்த சிப்பாய்களில் நூற்றுக்கு 80 பேர் செத்துக்கொண்டிருந்தது 20க்குப் பக்கத்தில் இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மலரை மூடி வைத்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிறவியிலேயே உள்பக்கம் திரும்பிய வளைபாதத்தை வாராவாரம் கட்டுப் போட்டு நேராக்கும் முறையைக் கொடுத்தவர் பொன்செட்டி டாக்டர். அவரைப் பற்றிய பக்கத்தில் ஒரு படம். பச்சைக் குழந்தையின் பாதம். கீழே, "வளைபாதத்துக்குக் கட்டுப் போடுகிறார்" என்று நம் டாக்டர் ஒருவரின் பெயர், அவர் பட்டங்களோடு இரண்டு வரிக்கு. டாக்டரின் ஒரு கை விரல்நுனிகளைப் பிடித்திருக்கிறது, மறு கையின் பெருவிரல் கணுக்காலில் இருக்கிற தாலஸ் எலும்பின் தலையில் இருக்கிறது. பிடியில் குற்றமே சொல்ல முடியாது. ஆனால் இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்திருக்கிறவர் எந்தக் கையால் கட்டுச் சுற்றுவார்? படத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். முழங்கையோடு வெட்டிய இன்னும் இரண்டு கைகள், நனைந்த மாவுத்துணிச் சுருளோடு. இடது பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். கட்டு வெட்டுகிற கத்தரி கடித்த நகம் அது. அந்தக் கைகள் என்னுடையவை.

என் பெயரைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தன்னடக்கம் காட்டுகிற வயதெல்லாம் போய்விட்டது. ஆனால் என் பெயர் மட்டும் இல்லை.

என் மகள் பிசியோதெரபி படித்தவள். மலரைப் புரட்டிவிட்டு, "அப்பா, இந்தப் பகுதி முழுக்க இப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள்" என்றாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எனக்குச் சொன்னாள்.

ஜெய்ப்பூர் பிரமோத் கரண் சேத்தி டாக்டருக்கு முக்கால் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். 1981 இல் மகசேசே விருது, பத்மஸ்ரீ. கொடுக்க வேண்டியதுதான். மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருக்கத்தான் லாயக்கு. நம் ஊரில் செருப்பைக் கழற்றாமல் யார் வீட்டுக்குள் போவது? வெறுங்காலோடு வயலில் இறங்கவும், குந்தவும், சம்மணம் போட்டுச் சாப்பிடவும் ஒரு பாதம் வேண்டும் என்று கவலைப்பட்டவர் அவர். ஆனால் ஜெய்ப்பூர்ப் பாதம் என்கிற அந்தச் செயற்கைப் பாதத்துக்கு உருவம் கொடுத்தவர் ராமச்சந்திர சர்மா. பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர், எல்லாருக்கும் மாஸ்டர்ஜி. டயர் கடையில் ரப்பரை வேகவைப்பதைப் பார்த்து, பாத அச்சைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போனவர் என்று சொல்வார்கள். கண்ணிவெடியில் கால் போன யாழ்ப்பாணத்து ஜனங்களும் இந்தப் பாதத்தில்தான் நடந்தார்கள். பாதம் யாழ்ப்பாணம் வரைக்கும் போயிற்று. செய்தவர் பெயர் உங்கள் மலர் வரைக்கும் வரவில்லை.

இங்கிலாந்து டாக்டர் சார்ன்லி கதை இதற்கு மேல். இடுப்பு மூட்டு மாற்றுவதில் அவருக்கு மேல் ஆள் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ரைட்டிங்டன் மருத்துவமனையில் முதலில் இடுப்புக் குழிக்கு டெஃப்லான் என்கிற பிளாஸ்டிக்கில் கிண்ணம் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய 300 பேருக்கு வைத்த பிறகு அது தேய்ந்து தூளாகி, சுற்றியிருந்த எலும்பையும் கெடுத்தது. மனுஷன் அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே வைத்துச் சோதித்தார் என்பதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து எனக்கு மரியாதை கூடிவிட்டது. ஆனால் அடுத்தது எப்படி நடந்தது? 1962 இல் ஒரு விற்பனையாளர் புதுப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று ஒதுக்கிவிட்டார். ஹாரி கிரேவன் என்று ஒரு சோதனைக்கூடப் பணியாளர். அவர்தான் துண்டை எடுத்துத் தேய்மான இயந்திரத்தில் மாட்டினார். இரவு பகலாக மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரு நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை. பாலிஎதிலீன். உலகத்தில் இடுப்பு மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலான பேர் இன்றைக்கும் அதன் தயவில்தான் எழுந்து நடக்கிறார்கள். "1962 இல் சார்ன்லி பாலிஎதிலீனுக்கு மாறினார்" என்று நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மாறினார், சரி. மாற்றியது யார்?

பால் பிராண்ட் டாக்டர் விஷயத்தில் உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் கோபம், ஏனென்றால் அவர் நம்ம ஊர்க்காரர். 1914 இல் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றி வைத்து நிமிர்த்தியவர். விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் ஜனங்களே சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இழக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர். இது எல்லாம் மலரில் இருக்கிறது. மருத்துவம் படிக்கும் முன் அவர் தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகியவர் என்பது மட்டும் இல்லை. ஏன் விட்டீர்கள்? உளி பிடித்த கை என்றால் மலருக்கு அழகு குறையுமா? புண் வராத மெத்தென்ற ரப்பர்ச் செருப்புக்காகத் தோல் வேலைக்காரர்களோடு அந்தப் பெரிய மனுஷன் பாடுபட்டிருக்கிறார். அந்த ஆட்களைப் பற்றி ஒரு வரி?

கைவேலைக்காரன் பெயரைச் சேர்த்தால் டாக்டர் பெயர் சின்னதாகிவிடும் என்று நினைத்தால், பொன்செட்டியையே பாருங்கள். கடிகாரம் செய்பவரின் மகன் அவர். கட்டெல்லாம் முடிந்த பிறகு குழந்தைக்குப் போடுகிற கம்பிச் செருப்பு இருக்கிறதே, அதன் பெயர் மிட்செல் பொன்செட்டி. ஜான் மிட்செல் அதைச் செய்து கொடுத்தவர். செய்தவர் பெயர் முன்னால், டாக்டர் பெயர் பின்னால். பொன்செட்டிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது, இந்தக் கிழவனுக்கு ஏன் இவ்வளவு ஆங்காரம் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியும் முன் கதவு தட்டினார்கள். மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண், கூட மாமியார், துண்டில் சுற்றிய ஆறு வாரக் குழந்தை. இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்பிய பிள்ளை. வாராவாரம் கட்டு. முந்தின நாள்தான் மூன்றாவது கட்டு. ராத்திரி முழுக்க அழுகை, பால் குடிக்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தேன். வலது காலில் நாவல்பழ நிறம். அமுக்கி விட்டேன். வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார்கள். "கட்டு பிரிக்கிற ஆள் ஒன்பது மணிக்கு மேல்தான்" என்று யாரோ திருப்பி அனுப்பிவிட்டார். வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் என் வீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறார்.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தேன், கொஞ்சம் வினிகர். காலை அதில் ஊற விட்டு, கட்டின் முனை எங்கே என்று தடவிப் பார்த்தேன். நான் கட்டினால் கடைசி முனையை மடித்து ஒரு வால் விட்டுவைப்பேன். அவசரத்துக்குத் தாயே பிடித்து இழுத்தால் பிரிந்து வந்துவிடும். இதில் வால் இல்லை. ஊற ஊற நகத்தால் சுரண்டித்தான் முனையைப் பிடித்தேன். உள்ளே கணுக்காலில் பஞ்சு ஒரே சுற்று. மாவுத்துணியை இழுத்து இழுத்துச் சுற்றியிருந்தது. மாவுத்துணியை இழுக்கக்கூடாது, உருட்டிக்கொண்டே போக வேண்டும். அதுதான் இந்த வேலையில் முதல் பாடம். கட்டு முழுக்கப் பிரிய இருபது நிமிஷம் ஆயிற்று. பெருவிரல் முதலில் சிவந்தது. சுண்டுவிரல் சிவக்கிற வரைக்கும் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பிள்ளை பால் குடித்தது. எட்டரைக்கு நானே கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன்.

கட்டுப் போட்ட பயிற்சி டாக்டர் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு? நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது, அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. விசாரித்தால், "மாவுக்கட்டுக்கு என்று எங்களிடம் பதவியே இல்லையே, நீங்கள் மருத்துவமனைப் பணியாளர்தானே" என்கிறார்கள். காகிதத்தில் இல்லாத வேலைக்கு எப்படி ஆள் எடுப்பார்கள்? அரசாங்கக் காகிதத்தில் நீங்கள் எழுத முடியாது, தெரியும். உங்கள் மலரில் எழுதலாம். மந்திரி வருகிறார், செயலாளர் வருகிறார், மேடையில் ஆளுக்கு ஒரு மலர் கொடுக்கிறீர்கள். அவர்கள் புரட்டிப் பார்க்கிற பக்கத்தில் அந்தக் கைகளுக்கு ஒரு பெயர் இருந்திருந்தால், யார் இவர், இப்போது அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்.

இடம் இல்லை என்றீர்களே, எண்ணிப் பார்த்தேன். வாழ்த்துச் செய்தி ஏழு பக்கம். மூட்டு மாற்று விளம்பரம் பதினொரு பக்கம், அதில் ரோபோவுக்கு மட்டும் நாலு, வழவழ காகிதத்தில். ரோபோவுக்குக்கூட ஒரு பெயர் வைத்துக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அது ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மாநாட்டுப் பயிலரங்குக்கு என்னைக் கூப்பிட்டு, இளம் டாக்டர்களுக்கு மாவுக்கட்டு போட்டுக் காட்டச் சொன்னீர்கள். காலையிலிருந்து பதினாறு கட்டு போட்டேன். சாப்பாட்டு அறை வாசலில், கழுத்தில் அட்டை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை, டீக்கடையில் பன் நன்றாக இருந்தது.

மன்னிக்க வேண்டும், எங்கேயோ போய்விட்டேன். கோபத்தில் எழுதினால் மரியாதை குறைகிறது என்று மகள் திட்டுகிறாள். உங்களில் பாதிப் பேர் பயிற்சிக் காலத்தில் என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து சுருளை எப்போது தண்ணீரிலிருந்து எடுப்பது என்று கேட்டவர்கள்தான். குமிழி நின்றதும் எடுக்கணும், இரண்டு முனையிலிருந்தும் நடுவுக்குப் பிழியணும் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த உரிமையில் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மலரை மறுபடி அச்சடிக்கச் சொல்லவில்லை. ஒரு திருத்தச் சீட்டு, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் போதும். சேத்தி பக்கத்துக்கு ராமச்சந்திர சர்மா. சார்ன்லி பக்கத்துக்கு ஹாரி கிரேவன். பிராண்ட் பக்கத்துக்குத் தச்சு வேலையைப் பற்றி ஒரு வரி. பொன்செட்டி பக்கத்துப் படத்துக்கு, கட்டுச் சுற்றுபவரின் பெயர். மீதியிருக்கிற பிரதிகளில் ஒட்ட ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நானே பசை வாங்கிக்கொண்டு வருகிறேன். அடுத்த மலரில் அந்தப் படத்தை வெட்டாமல் போடுங்கள். தயவுசெய்து.

என் பெயரை இந்த மடலில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஓ.பி.யில் எல்லாரும், "மாவுக்கட்டைக் கூப்பிடு" என்றுதான் சத்தம் போடுவார்கள். படத்தில் பாதத்தைப் பிடித்திருக்கிறாரே அந்த டாக்டர், அவர் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். சீட்டு அச்சுக்குப் போகும் முன் அவரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், சொல்கிறேன்.

இப்படிக்கு,
மாவுக்கட்டு அறை (ஓய்வு)