குதிகாலுக்கு மேலே எதற்குத் தட்டினார்?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கை. இடது கைச் சுண்டுவிரல் ஒரு வாரமாக மரத்துப்போய்க் கிடந்தது. நான் இடது கைக்காரி என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன், உன் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் உன் கோபம். "வலி இடுப்பில், அந்த டாக்டர் பார்த்ததெல்லாம் பாதத்தை. பஞ்சால் தடவினார், ஊசியால் குத்தினார், குதிகாலுக்கு மேலே சுத்தியால் தட்டினார், ஒற்றைக் காலில் எம்பி நிற்கச் சொன்னார். முதுகைத் தொட்டது ஒரு நிமிஷம்கூட இருக்காது" என்று எழுதியிருக்கிறாய். "30 வருஷம் பிசியோதெரபி பார்த்தவள் நீ, இது என்ன வைத்தியம் என்று சொல்லு" என்று மிரட்டல் வேறு. சொல்கிறேன். அவர் பார்த்தது உன் முதுகைத்தான், பாதத்தின் வழியாகப் பார்த்தார்.

நரம்பு என்ற சொல்லிலேயே நமக்கு ஒரு சிக்கல். கையில் நீலமாகப் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயையும் நாம் நரம்பு என்கிறோம். காலில் ரத்தக்குழாய் முறுக்கிக்கொண்டவர்கள் என்னிடம் வந்து "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். நான் இங்கே சொல்வது அதை இல்லை. ரத்தக்குழாய் மாதிரி உள்ளே துளை எதுவும் இல்லாத, வெண்மையான நார்க்கட்டு. சிலது நூல் போல மெலிசு. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு ஏறக்குறைய கட்டைவிரல் அகலம்.

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்திலிருந்து இப்படி 31 ஜோடி கிளம்புகின்றன. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திருவெலும்பில் (முதுகெலும்பின் அடிப்பகுதி) 5, வாலெலும்புக்கு 1. மூளையிலிருந்து நேராக வரும் 12 ஜோடி தனிக் கணக்கு, அதை விட்டுவிடுவோம். இந்த 31இல் ஒவ்வொன்றும் தண்டுவடத்தோடு இரண்டு வேர்களாக ஒட்டியிருக்கிறது. பின்பக்க வேர் உணர்வுக்கு, அதாவது தொடுதல், சூடு, வலி, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற சேதி எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். முன்பக்க வேர் அசைவுக்கு. தசைக்குப் போகும் உத்தரவு அந்த வழியாக வெளியே போகும். பின்வேரில் மட்டும் பயறு அளவுக்கு ஒரு கணு புடைத்திருக்கும். உணர்வு செல்களின் உடல் அந்தக் கணுவுக்குள் இருக்கிறது. இயக்கச் செல்களோ தண்டுவடத்துக்குள்ளேயே, முன்பக்கத்தில் குடியிருக்கின்றன.

முதுகெலும்பின் பக்கத்துத் துளையை நெருங்கும்போது இரண்டு வேரும் ஒரே நரம்பாகச் சேர்ந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு எது உணர்வு நார், எது இயக்க நார் என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தசைக்குள் நுழையும் நரம்பை இயக்க நரம்பு என்கிறோமே, அதற்குள்ளும் கணிசமான நார்கள் தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று உள்ளே சேதி சொல்பவைதான். படிக்கும் காலத்தில் இது தெரியாமல் நான் வாய்மொழித் தேர்வில் அசடு வழிந்திருக்கிறேன்.

வழி பிரிந்திருப்பது அந்த இரண்டு வேர்களில் மட்டும்தான் என்பதால், அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளானது. 1811இல் சார்லஸ் பெல் என்ற மருத்துவர் ஒரு சின்னப் பிரசுரம் அச்சிட்டு நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தார். முன்வேரைத் தொட்டால் தசை துடிக்கிறது என்பது வரைக்கும் அதில் வந்துவிட்டார். ஆனால் பின்வேர் உணர்வுக்கானது என்று சொல்லவில்லை. 1822இல் பிரான்சில் மாஜென்டி என்ற ஆய்வாளர் நாய்க்குட்டிகளின் வேர்களைத் தனித்தனியாக அறுத்துப் பார்த்து அதைச் சொன்னார். பின்வேர் அறுந்த காலில் உணர்வு இல்லை, ஆனாலும் அசைந்தது. மயக்க மருந்து வராத காலம். யார் முதலில் என்று இரண்டு தரப்பும் பல வருஷம் சண்டை போட்டார்கள். எனக்கு அந்தச் சண்டையை விட அந்தக் குட்டிகள்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. 1831இல் ஜெர்மனியில் ஜொஹான்னஸ் முல்லர் என்பவர் தவளையில் செய்து காட்டிய பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

சரி, உன் பாதத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வேருக்கும் தோலில் ஒரு பட்டை சொந்தம். உடம்பின் நடுப்பகுதியில் இந்தப் பட்டைகள் வளையம் வளையமாகச் சுற்றிவரும். மார்புக்காம்பு மட்டத்தில் மார்பு நரம்பு 4, தொப்புள் மட்டத்தில் மார்பு நரம்பு 10. போன வருஷம் என் அக்காவுக்கு அக்கி வந்தது. முதுகெலும்பில் தொடங்கி, வலது பக்கம் மட்டும் சுற்றி, தொப்புளுக்கு வந்து கோடு கிழித்த மாதிரி நின்றது. சின்ன வயசில் வந்த சின்னம்மையின் வைரஸ் இத்தனை வருஷமும் அந்தப் பின்வேர்க் கணுவுக்குள் ஒளிந்திருந்து, அந்த ஒரு நரம்பின் வழியே வெளியே வந்திருக்கிறது. எரிச்சலில் அவள் துடித்துக்கொண்டிருக்க, நான் "பாரேன், பத்தாவது எவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது" என்று சொல்லித் திட்டு வாங்கினேன். ஹென்றி ஹெட் என்ற மருத்துவர் இந்தத் தோல் வரைபடத்தை அக்கிக் கொப்புளங்களை வைத்துத்தான் வரைந்து, காம்பெல்லுடன் சேர்ந்து 1900இல் வெளியிட்டார். மூன்று வருஷம் கழித்துத் தன் கையிலேயே ஒரு நரம்பை வெட்டச் சொல்லி, உணர்வு எப்படித் திரும்புகிறது என்று கவனித்தவரும் அவர்தான். சிலருக்கு ஆர்வம் இப்படியும் போகும்.

கை காலில் மட்டும் இந்த வளையங்கள் நீளவாக்கில் இழுபட்டிருக்கும், பார்த்தால் தாறுமாறாகத் தெரியும். நாலு காலில் நிற்கும் பிராணியாக உன்னைக் கற்பனை செய்துகொள், ஒழுங்கு புரிந்துவிடும். கழுத்திலிருந்து வரிசையாக இறங்கிவந்தால் கடைசி நரம்பின் இடம் வால் முளைக்கும் இடம். கழுத்து 6 கட்டைவிரலுக்கு, 7 நடுவிரலுக்கு, 8 சுண்டுவிரலுக்கு. காலில் இடுப்பு 4 கணுக்காலின் உள்பக்கத்துக்கு, 5 பாதத்தின் மேல்பக்கமும் பெருவிரலும். அதற்கு அடுத்தது திருவெலும்பு நரம்பு 1, உன் ரிப்போர்ட்டில் "எஸ்1" என்று இருக்கிறதே, அதுதான். பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் அதன் எல்லை. உனக்கு மரத்திருப்பது அங்கேதானே?

டாக்டர் பஞ்சையும் ஊசியையும் எடுத்தது அந்த எல்லையைப் பார்க்க. எம்பி நிற்கச் சொன்னது, கெண்டைக்கால் தசைக்கு முக்கியமாக வருவதும் எஸ்1 என்பதால். அந்தத் தசை பலசாலி. லேசான தளர்ச்சியைக் கையால் தள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, உடம்பின் முழு எடையையும் அதன் மேல் ஏற்றினால்தான் தெரியும். சுத்தியால் தட்டியதுதான் மூன்றிலும் அழகு. குதிகாலுக்கு மேலே தசைநாணைத் தட்டினால் கெண்டைத் தசை ஒரு கணம் இழுபடுகிறது. சேதி பின்வேர் வழியாக உள்ளே போய், இடையில் வேறு செல்லே இல்லாமல் நேராக இயக்கச் செல்லைத் தொடுகிறது. முன்வேர் வழியாக உத்தரவு திரும்பி வந்து பாதம் துள்ளுகிறது. மூளையைக் கேட்பதே இல்லை, நீ நினைத்தாலும் ஏமாற்ற முடியாது. போகிற வழி, வருகிற வழி எதில் தடை இருந்தாலும் துள்ளல் குறையும் அல்லது நின்றுபோகும். உனக்கு வலது கால் துள்ளியது, இடது கால் சும்மா இருந்தது. தோல், தசை, துள்ளல் மூன்றும் ஒரே பெயரைச் சொல்கின்றன. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே அவருக்கு எந்த டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கி அந்த வேரை நசுக்குகிறது என்று தெரிந்திருக்கும்.

"ஒரு நரம்பு நசுங்கியும் கால் விழுந்துவிடவில்லையே" என்று கேட்டிருந்தாய். கை காலில் அநேகமாக எந்தத் தசையும் ஒரே வேரை நம்பி இருப்பதில்லை, பெரும்பாலும் இரண்டு மூன்று வேர்களிலிருந்து நார் வாங்கிக்கொள்கிறது. தோலிலும் பக்கத்துப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால்தான் உனக்கு "மந்தமாக" இருக்கிறதே தவிர முழுசாக உணர்வு போகவில்லை.

இப்போது என் விரல். சுண்டுவிரல் என்றால் கழுத்து 8 ஆயிற்றே, கழுத்து டிஸ்க்கோ என்று முதலில் எனக்கே பயம். அப்புறம் ஊசியை எடுத்து நானே பார்த்தேன். சுண்டுவிரல் முழுக்க மந்தம், மோதிர விரலில் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மட்டும் மந்தம், மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் ஒன்றுமே இல்லை. நிம்மதியாக இருந்தது. கழுத்திலிருந்து வரும் வேர்கள் தோள்பட்டைக்குக் கீழே ஒன்றோடொன்று பின்னி, சீட்டுக் கலைத்த மாதிரி கலந்து, புதுப் பெயர்களில் கைக்குள் இறங்குகின்றன. அதனால் கைக்கு இரண்டு வரைபடம், ஒன்று வேர்களுக்கு, இன்னொன்று நரம்புகளுக்கு. விரலை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது இரண்டாவது வரைபடம். மோதிர விரலின் ஒரு பாதி அல்நார் நரம்புக்கு, மறுபாதி மீடியன் நரம்புக்கு. கழுத்தில் கோளாறு என்றால் மந்தம் முன்கையின் உள்பக்கம் வரை ஏறியிருக்கும். ஆக, முழங்கையில்தான் கோளாறு. அங்கே உள்பக்க எலும்புக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்தப் பள்ளத்தில் தோலுக்கு அடியிலேயே அல்நார் போகிறது. ராத்திரி முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் போன் பார்த்ததன் பலன். வெளியில் சொல்லாதே.

உன் மரமரப்பு எப்போது போகும் என்று என்னால் தேதி சொல்ல முடியாது. நார் வெறுமனே நசுங்கியிருந்தால் அழுத்தம் குறையக் குறையத் தெளியும். அறுந்திருந்தால் மறுபடி வளர வேண்டும், அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். முதுகிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஆனால் உனக்கு அறுந்த மாதிரி தெரியவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக ஞாபகம் வைத்துக்கொள். தண்டுவடம் மேல் இடுப்பிலேயே, இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் இரண்டு எலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேர்கள் மட்டும் கொத்தாகத் தொங்கும், அதற்குக் குதிரைவால் என்றே பெயர். உட்காரும் இடத்தில், தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமலே போனாலோ, மொத்தக் கொத்தும் நசுங்குகிறது என்று அர்த்தம். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ. பயமுறுத்தவில்லை, உனக்கு இப்போது அப்படி எதுவும் இல்லை.

இங்கே மற்றபடி எல்லாரும் நலம். பேத்தி நேற்று கட்டில் காலில் கால் விரலை இடித்துக்கொண்டு, "முதல்ல சுரீர்னு ஒண்ணு, அப்புறம் ஒரு வலி தனியா வருது பாட்டி" என்றாள். வேகமான நாரில் முதல் வலி, நொடிக்கு 2 மீட்டர்கூடப் போகாத மெல்லிய நாரில் இரண்டாவது வலி. அழுகையை நிறுத்திவிட்டு இதைக் கவனித்திருக்கிறாள்! இவள் என் கட்சி.

அடுத்த கடிதத்தில் ஒரு கணக்கு எழுது. சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு வலது காலில் எத்தனை முறை எம்ப முடிகிறது, இடது காலில் எத்தனை முறை. வலித்தால் நிறுத்திவிடு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எண்ணி எழுதினால் போதும்.

அன்புடன்,
மலர்