எறும்பு வீட்டுக்கு எந்தக் கல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சிறுவர் பக்கத்தில் வீட்டிலேயே எறும்பு வளர்ப்பதைப் பற்றி வந்ததை இங்கே யாங்கூனில் இருந்து இணையத்தில் படித்தேன். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பதற்கு முதலில் நன்றி. ஆனால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினால் கூடு தயார் என்று அதோடு முடித்துவிட்டீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காற்று காய்ந்திருக்கும் ஊர்களில் அது சரிப்படும். மாந்தலேயில்கூடப் பரவாயில்லை. யாங்கூனில் மே மாத நடுவில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது, ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது, துவைத்த துணியே காயாத அந்த மாதங்களில் பிளாஸ்டர் எப்படிக் காயும்? அது தண்ணீரைக் குடித்தால் ஒரு பக்கத்தோடு நிற்காமல் முழுக்க ஊறி இளகிவிடும், நெருப்பெறும்பு மாதிரி தாடை வலுத்தவை அதைக் கடித்துத் துளை போட்டு வெளியே வந்துவிடும். அப்புறம் பூஞ்சை. எறும்புக்கு ஈரமும் வேண்டும், காய்ந்த இடமும் வேண்டும். முட்டையையும் சிறு புழுக்களையும் ஈரப் பக்கத்திலும், கூட்டுப்புழுக்களைக் காய்ந்த பக்கத்திலும் வேலைக்கார எறும்புகள் தூக்கித் தூக்கி மாற்றி வைப்பதைப் பார்ப்பதற்குத்தானே கூடே செய்கிறோம்!

நான் கட்டட வேலையில் இருப்பவன். எங்கள் வேலையிடங்களில் தடுப்புச் சுவருக்கு வைக்கும் வெள்ளை ஏ.ஏ.சி. பிளாக், அதாவது காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல், உடைந்த துண்டுகளாக எப்போதும் கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மணல், சுண்ணாம்பு, சிமெண்ட் கலவையில் அலுமினியப் பொடியைச் சேர்த்தால் ஹைட்ரஜன் குமிழி கிளம்பி இட்லி மாவு மாதிரி உப்பும், அதை அறுத்து அழுத்த நீராவியில் வேகவைப்பார்கள். 1920களில் ஸ்வீடனில் வந்த முறை இது. பெரும்பகுதி காற்றுதான் என்பதால் மர ரம்பத்தாலேயே அறுக்கலாம், பழைய ஸ்க்ரூடிரைவரால் அறையும் வழியும் குடையலாம். ஒரு கோடியில் குழி தோண்டி ஊசிக் குழாயால் தண்ணீர் விட்டால் அந்தப் பக்கம் நனைந்து, மறுகோடி காய்ந்தே இருக்கும். தண்ணீரை அளவாக விட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. கல்லை நன்றாக நனைத்த பிறகே சுரண்ட வேண்டும், மாஸ்க் போட வேண்டும், அறுக்கும் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். குடைந்து முடித்ததும் கல்லின் முகத்தைத் தட்டையான தரையில் விரித்த உப்புத்தாளில் தேய்த்து, அறைகளை மூடப்போகும் கண்ணாடியை அதன்மேல் வைத்து ஓரமாக வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் சித்தெறும்புக்கு அதுவே வாசல். பிறகு கழுவி, சில நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் சுண்ணாம்பின் காரமும் கொஞ்சம் குறையும்.

இந்த ஊர்ச் செம்புரைக்கல்லைச் சிலர் கேட்கிறார்கள். வெட்டிய புதிதில் அது மெதுவாகத்தான் இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். ஆனால் எங்கே பார்த்தாலும் பொந்து, கண்ணாடி படியவே படியாது. மரத் துண்டும் வேண்டாம், ஈரத்தில் உப்பி விரியும். மூங்கிலிலும் காய்ந்த குச்சியிலும் குடியிருக்கும் எறும்புகளுக்கு மட்டும் மூங்கில் கணுவைப் பிளந்து கண்ணாடி வைக்கலாம். பூக்கடைகளில் பூச்செருகும் பச்சை ஃபோமைத் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம், எறும்பு அதைப் பிய்த்துப் பொடியாக்கிவிடும். முசுறுக்கு இது எதுவுமே உதவாது. அது தன் புழுவின் பட்டு நூலால் இலையைச் சேர்த்துத் தைத்து வாழ்வது, மாமரத்திலேயே இருக்கட்டும்.

இந்நாட்டின் வடக்கே கச்சின் பக்கம் கிடைக்கும் அம்பரில், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினில், சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய எறும்புகள் உறைந்து கிடக்கின்றன, எறும்பைப் பற்றி அறிய உலகமே பார்க்கும் மண் இது. நம் பிள்ளைகளும் அதைச் சரியாகக் கற்கட்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

மழைக்காலம் வருவதற்குள் ஒரு திருத்தம் போடுங்கள். முதல் மழைக்குப் பிறகு இறகு உதிர்த்த ராணிகளைப் பிள்ளைகள் பிடித்து வருவார்கள். அந்த ராணியை உடனே கல்லில் விடாமல், தண்ணீரும் பஞ்சும் வைத்த சோதனைக் குழாயில், இருபது முப்பது வேலைக்காரர்கள் பிறக்கும்வரை இருட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தாமுவே, யாங்கூன்