உப்புவெளி வளவும் ஆவாரையும்

திருகோணமலை,
புரட்டாசி.

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். நீயும் பிள்ளைகளும் நலம் என்று மனிசி சொன்னாள். மற்றப் புதினங்களை அவர்கள் இருவரும் கதைத்து முடித்திருப்பார்கள். போனில் சொன்னால் நீ “சரி சரி” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உப்புவெளி வளவைத் துப்புரவாக்க உன் அண்ணர் மெஷின்காரனிடம் கதைத்துவிட்டார். அடுத்த கிழமை வருகிறானாம். பத்தை மண்டிக் கிடக்கிறது, பாம்பு வரும் என்று பக்கத்து வளவில் யாரோ முறைப்பட்டார்களாம். மச்சான், அந்தப் பத்தையில் முக்கால்வாசி ஆவாரை. அதில் கை வைக்க விடாதே.

சிரிக்காதே. பள்ளிக்கூடத் தோட்டத்தில் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் ஒளித்து ஓடியவன் நான்தான். கட்டையன் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் என்னைக் கொல்கிறான்.

ஆனால் நேற்று விடிய நீ என்னோடு வந்திருக்க வேண்டும். கச்சான் காற்று அடித்து அடித்து ஊரெல்லாம் புல்லே கருகிப்போய்க் கிடக்க, உன் வளவில் மட்டும் ஆளுயரத்துக்கு மஞ்சள். ஒரு பூவைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். ஐந்து இதழ், நடுவில் பத்துக் கேசரம். மேலே உள்ள மூன்றும் குறண்டிப்போனவை, ஒன்றுக்கும் உதவாது. கீழே உள்ளவைதான் நீண்டு வளைந்து நிற்கின்றன. பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் லேசில் கிடைக்காது. பை மூடிக் கிடக்கும், நுனியில் சின்னத் துளை மட்டும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உறுமும். அந்த அதிர்ச்சியில்தான் பொடி கொட்டும். பறக்கும்போது வருகிற சத்தம் வேறு, இது வேறு. கேட்டுக்கொண்டே நின்றதில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மனிசியிடம் வாங்கிய பேச்சை எழுதவில்லை.

“பிடுங்கி வேறு இடத்தில் நடுவோம்” என்பார் அண்ணர். நடக்காது. இந்தக் கோடையைத் தாங்கி நிற்பதே ஆழமாய்ப் போன ஆணிவேரால்தான். வளர்ந்த செடியைத் தோண்டினால் வேர் அறும், செடி போகும். விதையில் இருந்துதான் தொடங்க வேண்டும். தட்டைக் காய்கள் இப்போதுதான் பழுப்பாகிக் காய்ந்து வருகின்றன. மெஷின் ஏறினால் அதுவும் மண்ணோடு மண்.

விதைத் தோல் மகா கெட்டி. சும்மா ஊன்றினால் ஒன்று இன்றைக்கு முளைக்கும், மற்றது எப்போதென்று அதற்கே தெரியாது. சுடுதண்ணீரை ஊற்றி இரவு முழுக்க விட்டால், விடிய ஊதிப்போய் இருப்பவற்றை எடுத்துப் பையில் போடலாம். ஊதாததை அரத்தாளில் லேசாக உரசிவிட்டுத் திரும்ப ஊறவைக்க வேண்டியதுதான். கன்றைப் பையில் அதிகநாள் வைத்திருக்கவும் கூடாது, வேர் அடியில் சுருண்டுவிடும். ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் இறக்கிவிட வேண்டும். மாரி முடிவதற்குள் வேர் பிடித்துவிட்டால் பிறகு வாளி தூக்கும் வேலை இல்லை. நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. நம்முடைய மணலுக்கு அந்தக் கவலையும் இல்லை. பசளை வேண்டாம், இலைதான் மண்டும். பூத்து ஓய்ந்ததும் கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். கிளை நுனியில்தான் பூ வரும்; வெட்டாமல் விட்டால் அடி மொட்டையாகி உச்சியில் மட்டும் பூக்கும்.

மான் கதை தெரியுமா? டவுண் மான்கள் சின்னம்மாவின் செவ்வரத்தையை ஒரே இரவில் மொட்டையடித்துவிட்டன. பக்கத்தில் நின்ற ஆவாரையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. சின்னம்மாவுக்கு இப்போது என் செடியைக் கண்டாலே கோபம்! பச்சைப் புழு மட்டும் இலையைத் தின்னும். தின்னட்டும், அதுதானே வண்ணத்துப்பூச்சியாகப் போகிறது. மருந்து அடிக்க வந்தவனைத் துரத்திவிட்டேன்.

இன்னொன்று. அங்கே கடையில் ஆவாரம்பூத் தேயிலை வாங்கிக் குடிக்கிறாயாம். இங்கே றோட்டோரத்தில் சும்மா நிற்பதற்கு அங்கே காசு கொடுக்கிறாய், கொடு. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்று அம்மம்மா சொன்னதை நம்பிச் சீனி வருத்த மாத்திரையை மட்டும் நிற்பாட்டிப்போடாதே. குஞ்சியப்பு அப்படித்தான் நிற்பாட்டினார். அவருடைய காலை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். குடிப்பதையும் டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடி.

சரி, அண்ணரிடம் சொல்ல வேண்டியது இதுதான். பாம்பு ஒளிவது கிணற்றடி நாயுண்ணிப் பத்தைக்குள். அது அமெரிக்கப் பக்கமிருந்து வந்த சாமான், எவ்வளவு வெட்டினாலும் திரும்ப மண்டும். மெஷின் அதை வேரோடு வழிக்கட்டும், எனக்குச் சந்தோஷம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்பார். கிணற்றடிக்கே அரைநாள் வேலை இருக்கிறது, காசு வீணாகாது. ஆவாரை பூத்து ஓய்ந்ததும் அதன் கொப்புகளை நானும் கட்டையனும் கையால் வெட்டித் துப்புரவாக்கி வைக்கிறோம். கட்டையன் வருவான், சோறு கொடுத்தால்.

உன் சொல்லைத்தான் அவர் கேட்பார். கடிதம் கிடைத்த அன்றே கோல் எடு. புதுக்கன்றுகளை மதிலோரம் வரிசையாக விடுவதா, கேற்றடியில் விடுவதா என்றும் சொல்லு. உன் பங்குக்கு விதை அனுப்பு என்று மட்டும் கேட்காதே, அந்தக் குளிரில் அது பிழைக்காது.

இப்படிக்கு,
உன் விசரன்