வரவேற்பறை அக்காவுக்கு நன்றி

அப்பாவுக்குக் கால் முறிந்தபோது ஒரு ரோட்டரி சங்கம் சக்கர நாற்காலி கொடுத்து உதவியது. அவர் நடக்கத் தொடங்கியதும் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. மிச்சம் இருந்தது சங்கப் பெயரின் வால் பகுதியும் ஒரு நான்கு இலக்க எண்ணும்தான்.

கொடுத்த உறுப்பினரின் பெயர் தெரியுமே என்று ரோட்டரி இணையதளத்தில் தேடினேன். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். மருத்துவமனை வரவேற்பறையில் பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்து, "ஆளைத் தேடாதீங்க, சங்கத்தைத் தேடுங்க" என்றார். உறுப்பினர் தேடலுக்கு அவர்களுக்கான கணக்கு வேண்டுமாம். சங்கத் தேடல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நியாயம்தான், யாரோ முகம் தெரியாதவர் என் எண்ணைத் தேடி எடுத்தால் எனக்கும் பிடிக்காது.

அப்புறம் ஸ்டிக்கரில் இருந்த எண்ணைக் காட்டி, "இது ரோட்டரி மாவட்ட எண். நம்ம வருவாய் மாவட்டம் இல்லை, அவங்க சங்கங்களைப் பிரிச்சு வைக்கிற கணக்கு" என்றார். ஊர்ப் பெயரைப் போட்டதும் ஒரே மாதிரிப் பெயரில் மூன்று சங்கங்கள் வந்தன. அந்த மாவட்டத்தின் இணையதளத்தோடு ஒப்பிட்டதில் ஒன்றுதான் தேறியது. கூடும் நாளும் நேரமும் அதிலேயே இருந்தன. ஜூலை 1 அன்று நிர்வாகிகள் மாறிவிடுவார்கள், பழைய செயலாளரைத் துரத்தாமல் கூட்டத்துக்கே போய்விடுங்கள் என்றும் சொன்னார்.

போனேன். நாற்காலி மறுநாளே வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா, டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டீர்கள், பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி.